மெத்தைக்குப் பின்னால் பிறந்த பாட்டு

யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது: நான் ஒரு பாட்டு போட்டுவிட்டேன்! மெட்டு என்னுடையது, வரி என்னுடையது, குரல் என்னுடையது, வீடியோ எடுத்தது என் மச்சான், தாளம் கொடுத்தது அம்மாவின் எவர்சில்வர் குடம். மொத்தம் மூன்று நிமிடம் பத்து விநாடி. இன்றைக்கு மட்டும் பதினோரு தடவை கேட்டாயிற்று, இதை எழுதி முடித்ததும் பன்னிரண்டாவது தடவை.

பிறந்த கதையைக் கேளுங்கள். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். திருவானைக்காவலுக்கு நடைதான். காவிரிப் பாலத்தில் ஏறியதும் கால் தானாக ஒரு கணக்கில் விழ ஆரம்பித்தது, தகிட தகிட, தகிட தகிட, அதன் மேலேயே ஒரு மெட்டு வந்து உட்கார்ந்துகொண்டது! போனை எடுத்துத் தத்தகாரத்திலேயே பாடிப் பதிந்துகொண்டேன். பின்னால் லாரி ஹாரன் கேட்கிறது, மூச்சு வாங்குகிறது, ஆனால் பல்லவி முழுசாக இருக்கிறது. வீடு வருவதற்குள் வரியும் வந்துவிட்டது: ‘கடைசி பஸ்ஸு போனா என்ன, காலு இருக்கு ராசா’. கேட்டைத் திறக்காமல் வாசலிலேயே நின்று நாலு தடவை பாடினேன்.

பாட்டைப் பதிய ஒரு கண்டென்சர் மைக், கம்ப்யூட்டரோடு அதை இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்போன், இவ்வளவுதான். இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பட்டனை அழுத்தினால்தான் மைக்குக்கு உயிர் வரும். அழுத்தினேன், எங்கேயோ எதிர்வீட்டுப் பல்லி கத்துவதுகூட காதுக்குள் கேட்டது! அறையின் எதிரொலியை அடக்க இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்து, பீரோவைத் திறந்து புடவைகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்தினேன். ஏ.ஆர்.ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்துத்தானே ஸ்டுடியோ வைத்தார்? அமெரிக்காவில் பில்லி ஐலிஷும் அவர் அண்ணன் ஃபினியஸும் வீட்டுப் படுக்கையறையில் பதிந்த ஆல்பம்தானே 2020இல் கிராமி வாங்கியது? மெத்தையைத் தூக்கும்போது இதெல்லாம் மனதில் ஓட, எனக்குக் கை நடுங்கியது.

கற்பனை செய்து பாருங்கள்: சித்திரை மாதத் திருச்சி, ராத்திரி ஒன்றரை மணி, சத்தம் விழும் என்று ஃபேன் கிடையாது, வேர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, காதில் மெட்ரோனோம் டக் டக்கென்று ஓடுகிறது, கண்ணை மூடிக்கொண்டு பல்லவியைப் பாடுகிறேன், பிறகு அதையே அச்சுப் பிசகாமல் இன்னொரு தடவை பாடி, ஒரு குரலை இடது காதுக்கும் ஒரு குரலை வலது காதுக்கும் தள்ளிவிட்டு, நடுவில் அம்மா மோதிர விரலால் தட்டிய குடத்தை வைத்து, மேலே துளி ரிவர்ப் தூவிப் பிளே பட்டனை அழுத்தினேன் பாருங்கள், ஐயோ, அந்த அறையே காணாமல் போய்விட்டது! பாலமும் காற்றும் ராத்திரியும் திரும்பி வந்து என்னைச் சுற்றி நின்றன. அழுதேன். வெட்கமே இல்லாமல் உட்கார்ந்து அழுதேன். இரண்டாவது சரணத்தில் ஒரு இடத்தில் சுருதி இம்மியளவு இறங்கும். இறங்கட்டும், அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது.

வீடியோவுக்கு மச்சான் ஒரு வித்தை சொன்னார். பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, அதற்கேற்ப நான் படபடவென்று வாயசைக்க வேண்டும். போனில் விநாடிக்கு 60 ஃபிரேம் வைத்து எடுத்து, எடிட்டிங்கில் வேகத்தைப் பாதியாக்கிவிட வேண்டும். கொள்ளிடக் கரையில், பொழுது சாயும் நேரத்தில், ஆடு மேய்ப்பவர் பார்த்துக்கொண்டே நிற்க, ஓட்டமும் நடையுமாகப் பாடித் தள்ளினேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் உதடு பாட்டோடு அப்படியே பொருந்துகிறது, ஆனால் வேட்டி நுனி காற்றில் மிதக்கிறது, காலடி மணல் பூ மாதிரி எழும்பி மெல்ல இறங்குகிறது! மச்சானைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

அன்று ராத்திரியே டிவியில் போட்டோம். அம்மா முழுசும் பார்த்தாள். முடிந்ததும் என் குரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “அது என் குடம்டா!” என்றாள், முகமெல்லாம் சிரிப்பு. “இன்னொரு தடவை போடு.”

குளிக்கும்போது நீங்களும் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுக்கிறீர்கள், இல்லையா? யாருடைய பாட்டும் இல்லாத அந்த மெட்டைத்தான் சொல்கிறேன். இன்று ராத்திரி அதைப் போனில் பாடி வையுங்கள். மைக்கைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். மெத்தை வீட்டிலேயே இருக்கிறது.