வெளிவீதியில் நின்றவர்கள்
திருவிழா நினைவுக் கட்டுரைகள் குறித்து

ராஸ் அல் கைமாவின் கடலோரத்தில் அல் ஜசீரா அல் ஹம்ரா என்றொரு கைவிடப்பட்ட ஊர் இருக்கிறது. முத்துக்குளித்து வாழ்ந்த ஊர். ஆட்சியாளருடன் ஏற்பட்ட பிணக்கால் 1968இல் ஊரவர்கள் அபுதாபிக்குப் பெயர்ந்தார்கள். பவளக்கல் சுவர்களும் பள்ளிவாசலும் எஞ்சின. அண்மை ஆண்டுகளில் அங்கே கலைவிழா நடைபெறுகிறது. விளக்குகள், படங்கள், பார்வையாளர்கள் எல்லாம் உண்டு, ஊர்ச்சனம்தான் இல்லை.

எமது எழுத்தில் நிலைமை தலைகீழ். சனம் உண்டு, ஊர் இல்லை. அந்த வெற்றிடத்தைத் திருவிழா நிரப்புகிறது. நல்லூரின் 25 நாட்கள், கச்சான் கடை, காப்புக் கடை, விடியவிடிய நாதஸ்வரம், தேர்வடம் என்று புலம்பெயர் சஞ்சிகைகளின் நினைவுக் கட்டுரைகளில் இவை திரும்பத் திரும்ப வருகின்றன. பொய்யென்று சொல்லவில்லை. வாசிக்கையில் எனக்கும் கற்பூரம் மணக்கிறது. என் கேள்வி வேறு: பெரும்பாலான கட்டுரைகளில் எல்லோருமே உள்வீதியில் நிற்கிறார்களே, அது எப்படி?

அதே 1968இல்தான் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில், தம்மை உள்ளே விடும்படி ஒடுக்கப்பட்ட சாதியினர் போராடினார்கள். தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957இலேயே வந்திருந்தது. மறித்தவர்களும் ஊரவர்களே. கே. டானியல் ‘பஞ்சமர்’ (1972) நாவலில் எழுதியது இந்த ஊரைத்தான். நினைவுக் கட்டுரைகளில் அந்த வாசல் தென்படுவதேயில்லை.

திருவிழா எல்லோரையும் ஒரேவிதமாக ஊரோடு பிணைப்பதில்லை. யாழ்ப்பாணக் கோவில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் உபயகாரர் உண்டு. வளைகுடாவில் வேலைசெய்பவனுக்கு இது நன்றாகத் தெரியும். லீவு கிடைக்காது, காசு போகும், தேரைத் தொலைபேசியில் பார்ப்பான். அவனைத் தேரோடு இணைப்பது அவன் குடும்பத்துக்குரிய அந்த ஒரு நாள். நாளே இல்லாத குடும்பத்தவனின் ஊர்நினைவு எந்த வீதியில் தொடங்கும்?

1990இல் போர் வலிகாமம் வடக்கைக் காலிசெய்தபோது, மறித்தவர்களும் மறிக்கப்பட்டவர்களும் இடம்பெயர்ந்தார்கள். இழப்பு இரு பகுதியினருக்கும் பொது. நினைவை மட்டும் ஒரு பகுதியினரே எழுதிக்கொண்டிருந்தால், நாம் எழுத்தில் கட்டுவதும் அல் ஜசீரா அல் ஹம்ரா போன்ற ஊராகத்தான் இருக்கும்.

அடுத்த திருவிழாக் கட்டுரையை எழுதுபவர், தாம் எங்கே நின்று சுவாமி கும்பிட்டார் என்பதோடு, வெளியே நின்றவர் யார் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.