மூலையில் குந்திய முதியோனும் மலையகத்தின் குற்றக்கதையும்

ஹட்டனைத் தளமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டியவர், ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்தியவர், 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் ஹட்டனின் பிரதிநிதி. கோ. நடேசய்யரை நாம் அறிந்தது இப்படித்தான். அவர் ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார் என்பதை மலையக இலக்கியம் பேசுகிறவர்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த நூலுக்குப் போய்விடுவார்கள். 1920களில் வந்த அந்த நாவலின் பெயர் ‘மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்’.

பெயரைக் கேட்டதுமே மூலம் பிடிபட்டுவிடும். ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பாரோனெஸ் ஓர்சி என்ற பெண்மணி 1901 முதல் லண்டன் மாத இதழொன்றில் எழுதிய கதைகளின் நாயகன்தான் அந்த மூலைக் கிழவர். லண்டன் தேநீர்க்கடை ஒன்றின் மூலையில் உட்கார்ந்து, ஒரு கயிற்றுத் துண்டில் முடிச்சுப் போட்டு அவிழ்த்தபடியே, பொலிஸார் கைவிட்ட வழக்குகளை எதிரே இருக்கும் இளம் பத்திரிகைக்காரிக்கு விடுவித்துக் காட்டுவார். குற்றவாளியைப் பிடித்துக்கொடுப்பதில் அவருக்கு அக்கறையே கிடையாது. சில வேளைகளில் குற்றவாளியின் மூளையை மெச்சவும் செய்வார். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று: தேநீர்க்கடையில் குந்தியிருக்கும் அந்த மனிதர் குடிப்பது பால். இலங்கைத் தேயிலை லண்டனை நிறைத்திருந்த காலம் அது. அந்தத் தேயிலை எங்கிருந்து வந்தது என்று துப்பறிய அவருக்குத் தோன்றவில்லை.

நடேசய்யருக்குத் தோன்றியது. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத நாளில் புடவை வியாபாரியாக வேடம் போட்டுத் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குள் போய், அங்கே நடப்பதைக் கண்டுவந்தார் என்பது மலையகத்தில் எல்லோரும் சொல்லும் வரலாறு. வேடம் போடுதல், உள்ளே நுழைதல், சாட்சியம் திரட்டுதல், வெளியே வந்து அம்பலப்படுத்துதல் என்று துப்பறிவாளனின் வேலை அத்தனையையும் அவர் வாழ்க்கையில் செய்துவிட்டார். கதையில் மட்டும் லண்டன் கிழவரிடம் போனார். அந்த இரண்டும் ஒரே நாவலில் சேர்ந்திருந்தால் மலையக இலக்கியம் வேறு பாதையில் போயிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தமிழ்த் துப்பறியும் கதை அதற்கு முன்பே நன்றாக ஓடத் தொடங்கியிருந்தது. 1894இல் நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற பொலிஸ் நிபுணனைப் படைத்தார். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார். அதற்கும் பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக். இந்த வரிசையில் எவரும் கொழுந்து மலை ஏறவில்லை. தமிழ்க் குற்றக்கதைக்கு மலை என்றால் மூடுபனி, அந்தப் பனிக்குள் ஒரு எஸ்டேட் பங்களா. பிணம் பங்களாவில் விழும், லயம் தூரத்தில் புள்ளியாகத் தெரியும். அங்கிருந்து வருகிறவன் ஒன்று காவற்காரன், இல்லையென்றால் சந்தேகநபர். சங்கர்லாலுக்குத் தேநீர் குடித்தால்தான் மூளை வேலை செய்யும். அந்தத் தேநீரை வாசித்தவர்களில் பாதிப்பேர் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் இஸ்தோப்பில் குந்தியிருந்தவர்கள் என்று சொன்னால் மிகையாக இருக்கலாம். கால்வாசிப்பேர் என்று வைத்துக்கொள்வோம்.

1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இலங்கையில் உள்ளூர் நாவலுக்கு இடம் கிடைத்தது. வீரகேசரிப் பிரசுரம் மலிவு விலையில் நாவல்களைக் கொண்டுவந்தது. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வந்தது அப்படித்தான். மர்ம நாவல்களுக்கும் அப்போது சந்தை இருந்தது. ஆனால் மலையகத்தில் பேனா பிடித்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மர்மக்கதை பொழுதுபோக்கு, நாவல் போராட்டம் என்று இரண்டுக்கும் நடுவே வேலி போட்டுக்கொண்டார்கள். அது நியாயமான கோபத்தில் போட்ட வேலி. இன்று அதைப் பிரித்துப் பார்க்கலாம்.

பிரித்துப் பார்க்க வருகிற இளம் எழுத்தாளர் முதலில் மோதுவது வடிவத்தில். குற்றப் புனைவு என்பது பல அறைகள் கொண்ட வீடு. எந்த அறை தோட்டத்துக்குப் பொருந்தும்?

வெளித்தொடர்பு அறுந்த ஓர் இடம், அதற்குள் பத்துப்பேர், அவர்களில் ஒருவர் கொலைகாரர். அகதா கிறிஸ்டி வகை நாவலுக்குத் தோட்டம் அளவெடுத்துத் தைத்தது போலத் தோன்றும். ஒரே பாதை, ஒரே தவறணை, ஒரே டிஸ்பென்சரி, பெரியதுரையிலிருந்து பிள்ளைக்காம்பரா ஆயா வரை வரிசைப்படுத்திய மனிதர்கள். ஆனால் எழுதத் தொடங்கினால் மூன்றாம் அத்தியாயத்தில் படுத்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, கூரையைத் தொடாத இடைச்சுவர். அடுத்த காம்பராவில் இருமினால் இங்கே தூக்கம் கலையும். அப்படிப்பட்ட லயத்தில் பூட்டிய அறை மர்மம் எழுத நினைப்பதே சிரிப்புக்குரியது. யார் செய்தது என்பது பொலிஸ் ஜீப் வருவதற்கு முன்பே பீலிக்கரையில் பேசி முடிந்திருக்கும். கேட்டால் வரும் பதில்: “எல்லாருக்கும் தெரியுங்க. யாரும் பாக்கல.”

என் கணிப்பில் மலையகக் குற்றக்கதை தொடங்க வேண்டிய இடம் இந்தப் பதில்தான். தோட்டத்தில் ரகசியம் இல்லை, சாட்சிதான் இல்லை. ஐரோப்பியத் துப்பறியும் கதையில் இது தலைகீழ்: அங்கே சாட்சிகள் வரிசையில் நிற்பார்கள், ரகசியம் மட்டும் கடைசிப் பக்கம் வரை ஒளிந்திருக்கும்.

இதற்குப் பொருந்தும் அறைகளும் உண்டு. ஆஸ்டின் ஃப்ரீமன் 1912இல் ஒரு தொகுதியில் செய்துகாட்டிய முறை ஒன்று. குற்றத்தை முதலிலேயே வாசகனுக்குக் காட்டிவிட்டு, அது எப்படி நிரூபணமாகிறது என்பதைப் பின்தொடர்வது. இன்னொன்று, 1965 முதல் 1975 வரை சுவீடனில் மாய் ஷோவால், பேர் வாலூ இருவரும் சேர்ந்து எழுதிய பத்து நாவல்கள். ஒரு கொலையை எடுத்துக்கொண்டு, அதன் வழியே பொலிஸ் திணைக்களத்தையும் அரசையும் சமூகத்தையும் பிளந்து காட்டியவை. வடிவத்தால் அவை பொலிஸ் கதைகள், நோக்கத்தால் நம் முற்போக்கு எழுத்தாளர்களின் அண்ணன் தம்பிகள். அவற்றை யாரேனும் 1970களில் ஹட்டன் வாசகசாலைக்குக் கொண்டுவந்திருக்கக்கூடாதா?

நம் பக்கத்து வழக்குகளைப் பார்ப்போம். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணைக் குழு அமர்ந்தது. அடுத்த ஆண்டு, 1941 மே மாதம், புசல்லாவைப் பகுதியில் ஸ்டெலன்பர்க் தோட்டத்துத் துரை போப் கொல்லப்பட்டார். சங்கத்தோடு முரண்டு பிடித்தவர் அவர். வழக்கு வேகமாக நடந்தது, இரண்டு தொழிலாளர்கள் தூக்குமேடை ஏறினார்கள். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு சாவுக்கு ஆணைக்குழு, ஒரு சாவுக்குத் தூக்குக்கயிறு. இடைவெளி ஒன்றரை ஆண்டுகூட இல்லை. ஸ்டெலன்பர்க் வழக்கை லயத்தின் பக்கமிருந்து சொல்லும் நாவல் ஒன்று வந்தால், மலையகத்தில் பெரிய நாவல் எழுதுவது எப்படி என்று தனியாகப் பயிற்சிப்பட்டறை வைக்கத் தேவையிருக்காது.

1977 மே 11, டெவன் தோட்டம். நுவரெலியாவில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பிரிக்கும் முயற்சிக்கு எதிராக நின்றபோது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் இறந்தார். தோட்டக் காணிகள் பறிபோன அந்தக் காலத்தின் வன்முறையைத் தி. ஞானசேகரன் ‘குருதிமலை’ நாவலில் எழுதினார். 2000 அக்டோபர் 25, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ. புனர்வாழ்வு நிலையத்தில் தடுத்துவைக்கப்பட்டிருந்த இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கூட்டமொன்று கொன்றது. 2003இல் ஐந்துபேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உயர் நீதிமன்றம் குற்றவாளி எவரும் இல்லாமல் கதையை முடித்துவைத்தது. துப்பறியும் கதையின் இலக்கணப்படி இது சாத்தியமே இல்லாத முடிவு: பட்டப்பகல், பெருங்கூட்டம், காவலுக்குப் பொலிஸ், குற்றவாளி பூச்சியம்.

இந்தக் கண்ணோடு பழைய நூல்களைத் திரும்பப் படித்தால் சில வேறுவிதமாகத் தெரிகின்றன. சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ சங்கம் தொடங்கியதற்காகத் தண்டிக்கப்படுகிறவனின் கதை. குற்றம் எது என்பதிலேயே சிக்கல் இருக்கும் குற்றக்கதை அது. தெளிவத்தை ஜோசப்பின் ‘குடைநிழல்’ சந்தேகத்தின்பேரில் கைதாகும் தமிழனைப் பற்றியது. துப்பறியும் கதையில் பக்கத்துக்குப் பக்கம் வந்துபோகும் ‘சந்தேகநபர்’ என்ற சொல்லுக்குள்ளிருந்து ஒருவன் பேசினால் எப்படியிருக்கும் என்று அது காட்டுகிறது. அவரை எல்லோரும் யதார்த்தவாதி என்கிறார்கள். எனக்கு அந்த நாவலில் ஒரு நல்ல திகில் எழுத்தாளரின் கை தெரிகிறது.

நாட்டின் ஆங்கில எழுத்து இந்த வேலியை எப்போதோ தாண்டிவிட்டது. 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவலில், இறந்துபோன புகைப்படக்காரனே ஏழு நிலவுகளுக்குள் தன்னைக் கொன்றது யார் என்று தேடுகிறான். பிணங்கள் காணாமற்போன காலத்தில் துப்பறிய ஆவிதான் மிஞ்சும் என்பது அதன் கசப்பான நகைச்சுவை. அமாண்டா ஜயதிஸ்ஸவின் முதல் நாவலான ‘மை ஸ்வீட் கேர்ள்’ ஆள் அடையாளத்தை வைத்து விளையாடும் திகில்கதை. 2022இல் அது சிறந்த முதல் நாவலுக்கான சர்வதேசத் திகில் எழுத்தாளர் விருதையும் பெற்றது.

ஆள் அடையாளம் என்றதும் எனக்கு 1964 அக்டோபர் 30 ஞாபகம் வருகிறது. சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தப்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரு அரசுகள் ஆட்களைப் பங்கு போட்டன. அண்ணன் ஒரு நாட்டுக்கு விண்ணப்பம் போட, தம்பி மறுநாட்டுக்குப் போட, எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி பெயர் எழுத, ஒரே வீட்டுக்குள் மூன்று எழுத்துக்கூட்டல். ஒருவர் காகிதத்தில் இன்னொருவர் கப்பலேறினால் நாற்பது ஆண்டு கழித்து யார் செத்தார், யார் உயிரோடிருக்கிறார்? ஆள்மாறாட்டக் கதைக்கு இதைவிட வளமான மண் உலகில் எங்கே இருக்கிறது?

எழுதத் தொடங்குகிறவருக்குக் கைவேலை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தியப் படங்களில் பார்த்த பொலிஸ் நிலையத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நோர்வூட்டில் வைக்காதீர்கள். இங்கே திடீர் சாவு நடந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், தேவைப்பட்டால் நீதவான் வருவார். சட்ட வைத்திய அதிகாரி அறிக்கை தருவார், மாதிரிகள் கொழும்புக்கு அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் போகும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தை ஒருமுறை பொறுமையாக வாசித்தால் பாதிக் கதைப்பின்னல் தானாகவே வரும். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது உண்மை. ஆனால் தமிழில் சொன்ன வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாதவர் அதில் கையொப்பமிடும் காட்சி இன்னும் பழையதாகவில்லை. சொன்னதற்கும் எழுதியதற்கும் இடையே விழும் அந்த ஒரு சொல் போதும், ஒரு நாவலின் முடிச்சுக்கு.

முடிச்சு என்றால் இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலத் துப்பறியும் கதையில் ரயில் நேர அட்டவணையை வைத்தே குற்றவாளி தப்பிப்பான், அதை வைத்தே மாட்டுவான். நமக்கு ரயில் வேண்டாம், செக்றோல் இருக்கிறது. காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, யார் எந்த மலையில் என்று பிரித்து, கொழுந்து நிறுத்து, அன்றைய கூலிக்குப் பேர் போடுகிறார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர். ஒரு சமூகம் முழுவதும் எந்த நாளில் எங்கே நின்றது என்று நூறு ஆண்டுக்கு மேலாக எழுதிவைத்த புத்தகம் இது. கொலை நடந்த பொழுதில் இன்னார் பத்தாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்தார் என்று அது சத்தியம் செய்யும். ஆனால் அந்தப் பேனா கணக்கப்பிள்ளையின் கையில். வராதவருக்குப் பேர் விழலாம், வந்தவருக்கு விழாமலும் போகலாம். தராசில் ஒவ்வொரு நாளும் காணாமற்போகும் இரண்டு கிலோவைக் கேட்கப் பழகிய பெண்ணுக்கு அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தெரியும். துப்பறிய அவளைவிடத் தகுதியானவர் யார்?

வெளியீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1960களில் வீரகேசரி மலையக எழுத்தாளருக்காகச் சிறுகதைப் போட்டி வைத்தது, அந்தக் கதைகள் 1971இல் ‘கதைக் கனிகள்’ ஆயின. 1990களில் துரை விஸ்வநாதனின் துரைவி பதிப்பகம் மலையகச் சிறுகதைகளைத் தொகுத்தது. இன்று பெரும்பாலும் எழுதியவரே காசு போட்டு அச்சிட்டு, மண்டபம் பிடித்து, முதற்பிரதி வாங்க ஒரு பிரமுகரையும் தேடிப் பிடிக்கிறார். குற்றக்கதைக்கு அந்தப் பிரமுகர் வருவாரா என்பது வேறு கதை.

முதல் அத்தியாயத்துக்கு ஒரு காட்சி என் மனத்தில் நெடுநாளாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஹட்டன் நீதவான் நீதிமன்றம், மூன்றாவது தவணை. முதல் இரண்டு தவணைக்கும் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, கைக்காசில் பஸ் ஏறி வந்த சாட்சி இன்று வரவில்லை. பெயரைக் கூப்பிடுகிறார்கள், மூன்று முறை. அதே வேளையில் மேல்மலையில் கணக்கப்பிள்ளை செக்றோலைத் திறந்து அவருக்கு முழுப்பேர் போடுகிறார். மலையிலும் அவர் இல்லை.