டெபியன்: ஒற்றைக் கையொப்பத்தின் எல்லை

டெபியன் இயங்குதளத்துக்கு ஓர் அரசியலமைப்பு உண்டு. 1998 டிசம்பரில் வாக்கெடுத்து ஏற்றுக்கொண்டார்கள். தொடக்கத்திலேயே ஒரு விதி வருகிறது: இந்தத் திட்டத்துக்காக உழைத்தே ஆகவேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியாது, பொறுப்பேற்ற வேலையில் விருப்பம் போய்விட்டால் செய்யாமல் விடலாம், முறைப்படி எடுத்த முடிவுகளுக்குக் குறுக்கே மட்டும் நிற்கக் கூடாது. ஊழியர் விதிமுறைகளில் எந்த நிறுவனமும் எழுதத் துணியாத வாசகம். 1993இல் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயான் மர்டாக் தொடங்கிய திட்டம் இந்த விதியோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த 13ஆம் பதிப்பான 'டிரிக்ஸி'யில் 69,830 பொதிகள் இருக்கின்றன. வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் உலகம் முழுக்கச் சேர்த்து ஏறத்தாழ ஆயிரம் பேர். உபுண்டு இதன்மேல் நிற்கிறது, ராஸ்பெரி பை கணினியின் இயங்குதளம் இதன்மேல் நிற்கிறது. தமிழ்நாட்டு அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இருந்த பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து சென்னை சிடாக் உருவாக்கியதுதான். 

கூலியும் இல்லை, கட்டாயமும் இல்லை. இப்படி ஓடும் ஓர் அமைப்பை மருத்துவமனையின் சர்வரிலும் வங்கியின் சர்வரிலும் நம்பி ஏற்றலாமா? இதற்குப் பொதுவாக இரண்டு பதில்கள் உலவுகின்றன. பார்க்கும் கண்கள் பெருகினால் வழுக்கள் ஒளிய இடமிருக்காது என்பார்கள் திறமூல ஆர்வலர்கள். சம்பளம் கொடுக்காத வேலைக்குப் பொறுப்பேற்க ஆள் இருக்காது என்பார்கள் எதிர்த்தரப்பினர். டெபியனின் இரண்டு பெரிய விபத்துகளைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இரண்டு பதிலுமே நிற்பதில்லை.

முதலில் வேலை நடக்கும் விதம். ஒரு பொதி என்பது யாரோ எங்கோ எழுதிய மூல நிரல். அதனுடன் டெபியன்காரர் சேர்க்கும் ஒரு சிறு அடைவு. எந்தெந்தப் பொதிகளைச் சார்ந்தது, எப்படிக் கட்டுவது, என்ன மாறியது, மூல நிரலின்மேல் என்னென்ன பேட்ச் ஒட்டுவது எல்லாம் அந்த அடைவில் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்பவர் பராமரிப்பாளர். தன் பொதிக்குள் அவர் ஏறக்குறைய ஜமீன்தார். இன்னொருவர் அவசரத் திருத்தம் செய்து ஏற்றலாம். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சில நாள் காத்திருந்து, மிகக் குறைவாகத் தொடுவதுதான் மரியாதை. ஏற்றிய பொதி முதலில் 'சிட்'டில் விழும். 'டாய் ஸ்டோரி' படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர் அது. சில நாட்களுக்குள் கடுமையான வழு எதுவும் பதிவாகாவிட்டால் 'டெஸ்டிங்'குக்குப் போகும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை டெஸ்டிங்கை உறையவைத்து, மிச்சமிருக்கும் வழுக்களைத் தீர்த்து, 'ஸ்டேபிள்' என்று வெளியிடுவார்கள். அதன்பின் ஸ்டேபிளில் புதிய பதிப்புகள் பெரும்பாலும் நுழையாது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய பதிப்பிலேயே பொருத்தித் தருவார்கள்.

இந்த அமைப்பில் உறுதியான அம்சம் எது, ஓட்டை எது என்பதை 2006ஆம் ஆண்டுச் சம்பவம் காட்டிக்கொடுத்தது.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத்தின் மறையாக்கச் சாவிகள் பெரும்பாலானவற்றை உருவாக்கும் நூலகம். நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் என்ற கருவி, இந்த நூலகத்தைப் பயன்படுத்தும் நிரல்களில் எல்லாம் ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருந்தது: மதிப்பிடப்படாத நினைவகத்தைப் படிக்கிறீர்கள் என்று. டெபியன் பராமரிப்பாளர் காரணத்தைத் துருவிப் பார்த்தார். இரண்டு இடங்களில் ஒரே மாதிரி வரி. இரண்டையும் முடக்கினால் எச்சரிக்கை நிற்கும். விளைவு என்னவாகும் என்று தனக்குத் தெளிவில்லை என்பதையும் சொல்லியே ஓப்பன்எஸ்எஸ்எல் தரப்பிடம் கேட்டார். பிழைதேட உதவுமானால் எடுத்துவிடலாம் என்ற பாங்கில் ஒரு பதில் வந்தது. இரண்டு வரிகளும் போயின. அவற்றில் ஒன்று போனதால் நட்டமில்லை. மற்றொன்றுதான் தற்செயல் எண்களை விளைவிக்கும் குளத்துக்குள் எல்லாத் தரவையும் ஊற்றிய வாய்க்கால். அது அடைபட்டதும், சாவி உருவாக்கத்தில் மாறுபடும் அம்சமாக எஞ்சியது அப்போது ஓடும் செயல்முறையின் எண் மட்டும். அதன் உச்சவரம்பு 32,768. பிரபஞ்சத்தின் ஆயுள் போதாது என்று நம்பப்பட்ட சாவித் தேடல் சில மணி நேர வேலையாகச் சுருங்கியது.

குறையுள்ள பதிப்பு 2006 செப்டம்பர் 17 அன்று ஏற்றப்பட்டது. லூசியானோ பெல்லோ என்ற டெபியன் உறுப்பினர் கண்டுபிடிக்க, 2008 மே 13 அன்று எச்சரிக்கை வெளியானது. இருபது மாதம். நடுவில், 2007 ஏப்ரலில், உறைநிலையும் கடந்து, 'எட்ச்' என்ற ஸ்டேபிள் பதிப்பு இதைச் சுமந்தபடியே வெளிவந்தது. உபுண்டுவுக்கும் பரவியது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகளை உலகெங்கும் தூக்கியெறிந்து புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. வேறெங்கோ ஒழுங்காகப் பிறந்த டிஎஸ்ஏ வகைச் சாவியாக இருந்தாலும், இந்தக் கணினிகளில் ஒருமுறை கையொப்பமிடப் பயன்படுத்தியிருந்தால் அதுவும் கெட்டது.

அந்த பேட்ச் ஒளித்துவைக்கப்படவில்லை. பொதியில் எவரும் படிக்கும்படி கிடந்தது. ஆயிரக்கணக்கானோர் படித்திருக்க முடியும், படிக்கவில்லை. காத்திருப்பு விதியும் உதவவில்லை, ஏனென்றால் எதுவும் உடையவில்லை. சாவிகள் வழக்கம்போல் உருவாகின, நிரல்கள் வழக்கம்போல் ஓடின. சல்லடை கல்லைப் பிடிக்கும், மாவோடு கலந்த சுண்ணாம்பைப் பிடிக்காது. பராமரிப்பாளரைக் குறைசொல்லி முடித்துக்கொள்வது சுலபம். அவர் கேட்டுத்தான் செய்தார், கேட்டதும் பதிவில் இருக்கிறது. இந்த மாற்றத்தை இன்னொருவர் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் படியிலும் இல்லை என்பதே இங்கே குற்றம்.

பதினெட்டு ஆண்டு கழித்து, 2024இல், அதே குற்றம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தை நெடுங்காலமாக ஒரே ஒருவர் தன்னார்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் சில ஆண்டுகள் பொறுமையாக உதவி, நம்பிக்கை பெற்று, வெளியீட்டுப் பொறுப்பையும் வாங்கிக்கொண்டார். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்தார். அந்தச் சதியில் என்னை மிகவும் உறுத்தும் நுணுக்கம் ஒன்று உண்டு. தீய நிரல் எல்லா இடத்திலும் விழித்துக்கொள்ளவில்லை. தன்னைக் கட்டும் இடத்தில் டெபியன் பொதியின் கட்டுமான விதிக்கோப்பு இருக்கிறதா, அல்லது ஆர்பிஎம் பொதிக்கான அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டுமே வேலையைத் தொடங்கியது. அதாவது, பொதிகட்டும் தன்னார்வலரின் மேசைதான் அதன் இலக்கு. புதிய பதிப்பைச் சீக்கிரம் ஏற்றுங்கள் என்று டெபியனின் வழுப்பதிவிலேயே ஒரு கோரிக்கையும் வந்தது. அந்தக் கோரிக்கையை எழுதிய பெயருக்குப் பின்னால் உண்மையில் ஆள் உண்டா என்பதே இன்று சந்தேகம்.

2024 மார்ச் 29 அன்று இதை உலகுக்குச் சொன்னவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட். மைக்ரோசாஃப்டில் சம்பளம் வாங்கும் பொறியாளர், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர். டெபியன் சிட் ஓடிய கணினியில் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் நோண்டினார். திறமூலத்தின் வெற்றி என்று பலரும் கொண்டாடினார்கள். எனக்கு அவ்வளவு உற்சாகம் வரவில்லை. அதற்குள் அந்தப் பொதி சிட்டைத் தாண்டி டெஸ்டிங்குக்கும் போய்விட்டிருந்தது. காத்திருப்பு நாட்கள் மறுபடியும் எதையும் பிடிக்கவில்லை. ஸ்டேபிள் தப்பியது, ஏனென்றால் அதில் இருந்தது பழைய 5.4.1. அடுத்த ஸ்டேபிளுக்கு ஓராண்டுக்கு மேல் இருந்தது. உறைநிலைக்குச் சற்று முன்னால் இதே தாக்குதல் நடந்திருந்தால், எட்சுக்கு நேர்ந்தது மீண்டும் நேர்ந்திருக்க வாய்ப்புண்டு.

ஆகவே டெபியனைக் காப்பது கண்களின் எண்ணிக்கை என்ற வாதத்தை ஒதுக்கிவிடலாம். காப்பது தாமதம், கூடவே, ஒவ்வொரு மாற்றமும் யார் கையால் எந்தத் தேதியில் வந்தது என்ற தடம். நேற்று வந்த பதிப்பு இன்றே வேண்டும் என்பவர்கள் ஸ்டேபிளைப் பழைய சரக்கு என்று கேலி செய்வார்கள். அந்தப் பழமைதான் சரக்கின் மதிப்பு.

இரண்டு விபத்திலும் பொதுவாக இன்னொன்று இருக்கிறது, இதைப் பலரும் பேசுவதில்லை. எஸ்எஸ்எச் சேவையை எழுதிய ஓப்பன்பிஎஸ்டி குழுவின் மூல நிரலுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. சேவை தொடங்கிவிட்டது என்று, கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற நிரலுக்கு அறிவிப்பதற்காக டெபியனும் வேறு சில வெளியீடுகளும் ஒட்டிய பேட்ச்தான் சிஸ்டம்டி நூலகத்தை இழுத்துவந்தது. அது எக்ஸ்இசட்டை இழுத்துவந்தது. விபத்துக்குப் பின் அந்த நூலகம் இல்லாமலே வேலை நடக்கும்படி டெபியன் மாற்றியெழுதியது. முன்பே செய்திருக்கக்கூடிய சிறிய வேலை. 2006இல் வாசலைத் திறந்தது டெபியன் பேட்ச், 2024இல் வாசலுக்கு வழி போட்டதும் டெபியன் பேட்ச். பேட்ச் ஒட்டும் அதிகாரமே வேண்டாம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. எழுபதாயிரம் பொதிகளும் ஒரே கோப்பு ஒழுங்கில், ஒன்றோடொன்று மோதாமல் உட்காருவதும், பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் கிடைப்பதும் அந்த அதிகாரத்தால்தான்.

சம்பளக் கட்சியின் வாதத்தையும் பார்த்துவிடலாம். 2020 டிசம்பரில் ரெட்ஹேட் நிறுவனம், 2029 வரை ஆதரவு உண்டு என்று எதிர்பார்க்கப்பட்ட தன் சென்ட்ஓஎஸ் 8 இயங்குதளத்தை 2021 முடிவோடு நிறுத்துவதாக அறிவித்தது. அங்கே சம்பளம் இருந்தது, பொறுப்பாளர் இருந்தார், அலுவலகம் இருந்தது. ஒரு முடிவில் எல்லாம் போனது. டெபியனில் அப்படிப் பிடுங்க உரிமையாளர் இல்லை. அதே சமயம் காசு என்றாலே முகம் சுளிக்கும் பழக்கமும் அங்கே இருந்திருக்கிறது. 2006இல் வெளியீட்டு மேலாளர்களுக்குத் தொகை கொடுத்து எட்சை டிசம்பரில் முடிக்க ஒரு முயற்சி நடந்தது. சிலர் கோபத்தில் தங்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள், வெளியீடு ஏப்ரலுக்குப் போனது. 2014 முதல் பழைய பதிப்புகளுக்கான நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுவனங்களின் பணத்தில்தான் நடக்கின்றன. வானம் இடிந்து விழவில்லை.

முடிவெடுக்கும் திறனில் டெபியன் சுமார்தான். 2014 பிப்ரவரியில் சிஸ்டம்டியா வேறொன்றா என்ற கேள்வியில் தொழில்நுட்பக் குழுவின் எட்டு பேரும் நாலுக்கு நாலு எனப் பிரிந்தார்கள். தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி வென்றது. அந்த ஆண்டுக்குள் குழுவிலிருந்து மூவர் விலகினார்கள். அவர்களில் ஒருவர் இயான் ஜாக்சன். பொதிகளை நிறுவும் டிபிகேஜியின் முக்கிய ஆசிரியர், அரசியலமைப்பு வந்த 1998இல் திட்டத் தலைவர். எதிர்த்தவர்களில் சிலர் டெவுவான் என்று தனிக்குடித்தனம் போனார்கள். முடிவு சரியானதே, கொடுத்த விலை அதிகம். 2019இல் தலைவர் தேர்தலுக்குக் குறித்த நாளுக்குள் ஒருவர்கூட மனுப் போடவில்லை, ஒரு வாரம் நீட்டித்த பிறகே வேட்பாளர்கள் வந்தார்கள். எனினும் அந்த ஒரு வாரத்தில் ஒரு பொதியும் நின்றுபோகவில்லை. தலைவரை நம்பி ஓடும் வண்டி இல்லை இது.

இத்தனையையும் எடைபோட்டால் என் தீர்ப்பு இது. சர்வருக்கு ஸ்டேபிளை நம்பலாம். உரிமையாளர் உள்ள பல மாற்றுகளைவிட அதிகமாகவே நம்பலாம். ஆனால் ஒரு பொதிக்கு ஒரு ஜமீன்தார் என்ற மரபு, மறையாக்கம், உள்நுழைவு போன்ற அடிப்படைப் பொதிகளைப் பொறுத்தவரை தோற்றுவிட்டது. குழுப் பராமரிப்பு வந்துவிட்டதே என்பார்கள். பல பொதிகளில் பராமரிப்பாளர் என்ற இடத்தில் குழுவின் பெயர் இருக்கும். ஏற்றுவது ஒரே கையாக இருக்கும். கைவிடப்பட்ட பொதியை வேறொருவர் எடுத்துக்கொள்ள 2018 முதல் நல்ல நடைமுறை இருக்கிறது. பராமரிப்பாளர் உற்சாகமாக இருந்து தவறு செய்யும்போது அது உதவாது.

டெபியன் ஏற்கெனவே நன்றாகச் செய்யும் ஒன்றிலேயே தீர்வு இருக்கிறது: மறுப்பது. ஏற்றும் உரிமை பெற்றவரின் மறையாக்கக் கையொப்பம் இல்லாத எந்த ஏற்றத்தையும் களஞ்சியம் தொடாது. அடிப்படைப் பொதிகளில் பேட்ச் மாறும்போது மட்டும் ஒன்றுக்குப் பதில் இரண்டு கையொப்பம் கேட்கட்டும். எவரையும் உழைக்கக் கட்டாயப்படுத்துவதாகாது, எனவே அந்த முதல் விதிக்கும் பங்கமில்லை. இரண்டாமவர் கிடைக்காவிட்டால் பொதி வாசலில் நிற்கும், அவ்வளவுதான். அவசரத் திருத்தங்களுக்குப் பாதுகாப்புக் குழுவின் தனி வழி தொடரலாம். பின்வாசலோடு வந்த எக்ஸ்இசட் பதிப்பை இது தடுத்திருக்காது, அது மூலத்திலேயே கெட்டு வந்தது. ஆனால் எஸ்எஸ்எச்சின்மேல் ஒட்டிய பேட்சை, இந்த நூலகம் எதற்கு என்று கேட்கும் இன்னொருவர் படித்தே ஆகவேண்டியிருந்திருக்கும். 2006இன் இரண்டு வரிகளையும்தான். விலை என்னவென்றால், ஏற்கெனவே ஆள் போதாத இடத்தில் ஒவ்வொரு மாற்றமும் சில நாள் கூடுதலாக எடுக்கும். தாமதத்தால் பிழைத்துவந்த திட்டம் அந்தச் சில நாளைப் பெரிய செலவாகக் கருதக் காரணமில்லை.