செய்தி இருந்தது, செவி இல்லை

பர்கூரிலிருந்து ஓசூர் ஆலைக்கு வேலைக்குச் சென்ற என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "ஐயா, போட்டி நிறுவனங்களின் தொழில்நுட்பத்தைக் கவனிக்கத் தனிப் பிரிவு தொடங்குகிறார்கள். இது ஒற்று வேலைதானே?"

அன்று. மறைத்து வைத்ததைத் திருடுவது ஒற்று. காப்புரிமை ஆவணங்கள், ஆய்விதழ்கள், கண்காட்சிகள், கடையில் விற்கும் பொருள்கள் ஆகியவற்றை ஆராய்ந்து, நாளை வரப்போவதை நிர்வாகத்துக்கு இன்றே சொல்வது இந்தப் பணி. காப்புரிமை விண்ணப்பங்கள் நம் நாட்டில் பொதுவாக 18 மாதங்களில் வெளியிடப்படுகின்றன. எவரும் படிக்கலாம்.

ஆனால், பிரிவு ஒன்றைத் தொடங்கினாலே போதும் என்னும் எண்ணம் தவறானது. கைக்கடிகாரத்தின் கதையைப் பாருங்கள்.

குவார்ட்ஸ் படிகத்தில் மின்னழுத்தம் செலுத்தினால் அது சீராக அதிரும். இன்றைய கடிகாரங்களில் நொடிக்கு 32,768 முறை. இதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். இவ்வகைக் கைக்கடிகாரத்தின் மாதிரியை சுவிட்சர்லாந்தின் ஆய்வகமே 1967இல் செய்து காட்டியது. ஆயினும் பற்சக்கரங்களில் பெருமை கண்ட அந்நாட்டுத் தொழிலதிபர்கள் தயங்கினர். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சைக்கோ நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பிழை, மாதத்துக்கு 5 நொடிதான்! 1980களின் நடுவில் சுவிஸ் கடிகாரத் தொழிலாளர் எண்ணிக்கை 1970இல் இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அவர்களுக்குச் செய்தி கிடைக்காமல் இல்லை. கேட்கும் செவிதான் இல்லை.

நம் நாட்டிலும் இதுவே நடந்தது. 1961இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., குவார்ட்ஸையும் செய்தது. எனினும் சாவி கொடுக்கும் கடிகாரத்தையே பெரிதும் நம்பியது. 1984இல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், குவார்ட்ஸை அடிப்படையாகக் கொண்டு ஓசூரில் ஆலை அமைத்தது. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது. வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதைப் புறக்கணிக்க முடியாது.

ஆகவே, எந்த முடிவுக்காகச் செய்தி வேண்டும் என்பதை முதலில் தலைமை சொல்ல வேண்டும். ஒரு வழியில் வந்த செய்தியை மற்றொரு வழியில் சரிபார்க்க வேண்டும். கசப்பான செய்தி கொண்டு வருபவரைக் கடிந்துகொள்ளக் கூடாது.

குறை எங்களிடமும் உண்டு. அழுத்தமின் விளைவைத் தேர்வுக்காகக் கற்பிக்கும் நாங்கள், ஒரு காப்புரிமை ஆவணத்தைக்கூட வகுப்பில் காட்டுவதில்லை. மாணவர்களே, உங்கள் வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு கருவியின் காப்புரிமையைத் தேடிப் படியுங்கள். நாளை ஆலைக்குள் நுழையும்போது உங்கள் கண்கள் திறந்திருக்கும்.