ஃபைன்மன் விரிவுரைகள்: தலையாட்டினால் போதுமா?

ஒரு கல்லைச் செங்குத்தாக மேலே எறிகிறோம். உச்சியில் ஒரு கணம் நின்று, பின் கீழே விழுகிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவரையும் கேட்டுப் பாருங்கள்; ‘சுழி’ என்று சொல்பவர் உண்டு. திசைவேகம்தான் சுழி. கையை விட்டது முதல் தரையைத் தொடும்வரை முடுக்கம் மாறுவதேயில்லை. 1982இல் வெளியான ஜான் கிளெமென்ட்டின் ஆய்வில், சுண்டிவிட்ட நாணயம் மேலேறும்போது அதன்மீது மேல்நோக்கி ஒரு விசை இருப்பதாக அமெரிக்கப் பொறியியல் மாணவரே வரைந்தனர். ஆக, இது நம் நாட்டு நோய் மட்டுமன்று.

நெட்டுருப் போட்டுப் பட்டம் பெற்று, பின்னர் அடிப்படையைச் சரிசெய்ய விரும்புவோருக்குப் பலரும் கைகாட்டும் நூல் ‘ஃபைன்மனின் இயற்பியல் விரிவுரைகள்’. 1961 முதல் 1963 வரை கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் முதலிரண்டு ஆண்டு மாணவருக்கு ரிச்சர்ட் ஃபைன்மன் ஆற்றிய விரிவுரைகள் இவை. இன்று இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

நான்காம் அத்தியாயத்தைப் பாருங்கள். ஒரு சிறுவனிடம் 28 விளையாட்டுக் கட்டைகள். தாய் நாள்தோறும் எண்ணுகிறாள். ஒன்று குறைந்தால் விரிப்பின் அடியில் கிடக்கிறது. திறக்கவிடாத பெட்டியை நிறுத்துப் பார்க்கிறாள். அழுக்குத் தண்ணீரின் மட்டத்தை அளந்து, உள்ளே மூழ்கியவற்றைக் கணக்கிடுகிறாள். ஆற்றல் அழிவின்மை விதிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் படித்ததில்லை. அதுமட்டுமா? கட்டையே இல்லாத கணக்குத்தான் ஆற்றல் என்று அவர் முடிக்கும்போது, நாம் பாடம் செய்த வரையறை உதிர்ந்துவிடுகிறது.

மகிழ்ந்து தலையாட்டுகிறோம். சரி, நூலை மூடுங்கள். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலே எறிந்த கல், 3 மீட்டர் உயரத்தில் என்ன வேகத்தில் செல்லும்? பேனா தயங்குகிறதா? குறை இங்கேதான். மூல நூலின் அத்தியாயங்களில் பயிற்சிக் கணக்குகள் இல்லை. அவை தனியாகவே வெளிவந்தன. மாணவருக்குத் தம் முயற்சி பெரிதும் பயன்பட்டதாகத் தோன்றவில்லை என்று முன்னுரையில் ஃபைன்மனே ஒப்புக்கொள்கிறார். நல்ல நூல்தான், ஆனால் தெரிந்ததைத் துலக்கும் நூல். தெரியாததை அது தெரிந்ததுபோல் காட்டிவிடும்.

ஆகவே பக்கத்தில் மேல்நிலை முதலாண்டுப் பாடநூலும் இருக்கட்டும். வெட்கம் வேண்டாம். எறிந்த கல்லை ஏறும்போது, உச்சியில், இறங்கும்போது என மூன்று இடங்களில் வரைந்து, விசையை அம்புக்குறியால் காட்டுங்கள். காற்றின் தடையை விட்டுவிடுவோம். மூன்று அம்புகளும் ஒரே நீளத்தில் கீழ்நோக்கி வராவிட்டால், அடுத்த அத்தியாயத்தைப் புரட்ட வேண்டாம்.