அரூப ஓவியமும் திருமறையும்: பார்னெட் நியூமனின் சிலுவைப்பாதை குறித்து ஓர் அகத்திணை நோக்கு

மலாக்கா மாநிலத்தில், கோலா சுங்கை பாருவின் தோட்டப்புறத் தமிழருக்கும் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. கத்தோலிக்க ஆலயத்தின் பக்கச் சுவர்களில் 14 படங்களோ புடைப்புச் சிற்பங்களோ வரிசையாக அமைந்திருக்கும். இயேசு தீர்ப்பிடப்படுவதில் தொடங்கிக் கல்லறையில் வைக்கப்படுவது வரையிலான சிலுவைப்பாதை அது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மக்கள் ஒவ்வொரு நிலையின் முன்னும் நின்று மன்றாடுவர். எழுத்தறியாதவரும் படித்துணரத்தக்க இக்கதையை, முகமும் உடலும் இன்றி வரைய இயலுமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா.

இயலும் என்று காட்டியவர் அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமன் (1905–1970). அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1957ஆம் ஆண்டு இறுதியில் மாரடைப்புக்கு ஆளாகி மீண்டபின், 1958இல் இவ்வரிசையின் முதல் இரண்டு ஓவியங்களைத் தீட்டினார். அவை சிலுவைப்பாதைக்கு உரியவை என்பது நான்காம் ஓவியத்தை எட்டிய 1960இல்தான் அவருக்கே தெளிவாயிற்று. 14 ஓவியங்களும் 1966இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இன்று அவை வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளன.

ஒவ்வொன்றும் ஏறத்தாழ 198 செ.மீ. உயரமும் 152 செ.மீ. அகலமும் கொண்டது. பூச்சிடப்படாத வெறும் துணியின் மீது செங்குத்துக் கோடுகளும் பட்டைகளும் மட்டுமே உள்ளன. முதல் எட்டிலும் கறுப்பே பேசுகிறது. ஒன்பது முதல் பதினொன்று வரை கறுப்பு மறைந்து வெண்மை வருகிறது. இயேசு உயிர்விடும் பன்னிரண்டாம் நிலையிலும், சிலுவையிலிருந்து இறக்கப்படும் பதின்மூன்றாம் நிலையிலும் கறுப்பு மீள்கிறது. அடக்கத்திற்குரிய பதினான்காம் நிலை மீண்டும் வெண்மை. (வெண்மை நம் மரபில் துக்கத்தின் நிறமுமாகும், நியூமன் அதனை எண்ணியிருப்பார் என்று நாம் கொள்ளவில்லை.) ஆயினும் ஓவியம் ஒன்றுக்கு நிகழ்ச்சி ஒன்று எனப் பொருத்திப் பார்ப்பது அவர் நோக்கமன்று. இயேசு சிலுவையில் எழுப்பிய 'லெமா சபக்தானி' என்னும் கதறலையே முழு வரிசைக்கும் துணைத்தலைப்பாக்கினார். மத்தேயு, மாற்கு நற்செய்திகளில் இடம்பெறும் அக்கதறல் 22ஆம் சங்கீதத்தின் தொடக்கமாகும். தம்மைக் கைவிட்டது ஏன் என இறைவனை வினவுவது. கதை நீங்கி அவ்வினா மட்டும் 14 முறை எழுகிறது.

இங்குத் தமிழ் மாணவருக்குத் தொல்காப்பிய அகத்திணையியல் நினைவுக்கு வருதல் இயல்பே. அன்பின் ஐந்திணையில் மாந்தர் இயற்பெயர் சுட்டப்பெறுவதில்லை. சுட்டினால் அது புறமாகிவிடும். பெயரும் முகமும் நீங்கிய நிலையில் உரிப்பொருளை முதலும் கருவும் தாங்குகின்றன. ஆலயச் சுவரின் வழக்கமான சிலுவைப்பாதை இன்னார், இன்ன இடம், இன்ன செயல் எனச் சுட்டுவதால் புறத்தின் பாற்பட்டது. நியூமனுடையதை அகம் எனலாம்.

இவ்வொப்புமைக்கு ஒரு தடை உண்டு. நெடுநல்வாடையில் வேலின் தலையில் கட்டிய வேம்பு பாண்டியனைச் சுட்டுவதால், அப்பாட்டு புறமாயிற்று என்றார் நச்சினார்க்கினியர். ஒரு பூவுக்கே அத்தனை ஆற்றல் என்றால், 'சிலுவைப்பாதை' என்னும் வெளிப்படையான தலைப்பு நியூமனின் ஓவியங்களைப் புறமாக்கிவிடாதா? நாம் அவ்வாறு கருதவில்லை. தலைப்பு ஓவியத்துக்கு உள்ளே இல்லை. அகப்பாட்டின் கீழே 'தலைவி கூற்று' என நிற்கும் குறிப்பைப் போன்றது அது. ஆனால், கூற்றுக் குறிப்பை நீக்கினாலும் நெய்தல் நெய்தலாகவே நிற்கும். அதற்குப் புலவர்க்கும் படிப்பவர்க்கும் பொதுவான மரபு உண்டு. தலைப்பை நீக்கினால் நியூமனின் பட்டைகள் எதனைச் சார்ந்து நிற்கும்? 14 என்னும் எண்ணும், ஒன்றன்பின் ஒன்றாக நடந்து காணவேண்டிய வரிசையும்தாம் இங்கு மரபு. அவ்விரண்டையும் அவர் திருச்சபையிடமிருந்து பெற்றார். ஆகவே இவற்றுள் ஒன்றைத் தனியே பிரித்துப் பாடநூலில் அச்சிடுவது பொருளை அழிப்பதாகும். அரூப ஓவியத்திற்கு அவரவர் விரும்பியவாறு பொருள் கொள்ளலாம் என வகுப்பறையில் கூறிவிடுவது எளிது. நியூமன் வரையில் அது பொருந்தாது.

சென்னையில் இதற்கு எதிர்த்திசையில் சென்றவர் கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977). கோயம்புத்தூரில் பிறந்து, 1966இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை உருவாக்கிய இவர், 1951இல் தீட்டிய ஓவியமொன்றுக்குச் சமாதானம் செய்பவரைப் போற்றும் மலைப்பொழிவின் வாக்கைத் தலைப்பாக்கினார். அதில் மாந்தர் உள்ளனர். 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் சாதகக் கட்டங்களும், கணக்குக் குறிகளும், மலையாள எழுத்தை ஒத்திருந்தும் வாசிக்க இயலாத வரிகளும் நிறைந்தன. மாந்தர் அகன்றபோது திருமறையும் உடன் அகன்றது. அவர் ஓவியக்கலைக்கு அது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. எனினும், எழுத்தையே ஓவியமாக்கிய அக்கையில் மலைப்பொழிவின் வாக்கு மீண்டும் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என எண்ணாமல் இருக்க முடியவில்லை.