48 பக்கங்களுக்கு வெளியே

சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ்களைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு பிரெஞ்சு மொழிப் படக்கதைகள் புதிதல்ல. லக்கி லூக், கேப்டன் டைகர், இரத்தப் படலம் எல்லாமே பிரெஞ்சிலிருந்து வந்தவைதான். அவற்றின் மூல ஆல்பங்களைக் கையில் எடுத்தால் எல்லாம் ஒரே வார்ப்பாக இருக்கும்: கெட்டி அட்டை, அகன்ற தாள், முழு வண்ணம், பெரும்பாலும் 48 பக்கம். 16 பக்க ஃபாரம் மூன்று சேர்ந்தால் 48. அச்சகத்துக்கு வசதியான கணக்கு. கதை அந்தக் கணக்குக்குள் அடங்கியாக வேண்டும். நாயகன் சாகாமல் அடுத்த ஆல்பத்துக்கும் வர வேண்டும். இந்த வார்ப்பில் அருமையான படைப்புகள் வந்தன என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், இதில் அடங்காத கதையை வைத்திருப்பவர் எங்கே போவார்?

1990-இல் பாரிஸில் ஏழு இளம் ஓவியர்கள் அதற்கு விடையாக ஒரு பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். ழான்-கிறிஸ்தோஃப் மெனு, லூயி த்ரோந்தேம், டேவிட் பி. ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். நிறுவனமாக இல்லாமல் லாபநோக்கற்ற சங்கமாகவே பதிவு செய்து, 'லாசோசியாசியோன்' என்று பெயரிட்டார்கள். 'லாபேன்' என்ற இதழையும் நடத்தினார்கள். எதை வெளியிடுவது, எத்தனை பக்கம், எந்த அளவு, எந்தத் தாள் என்பதையெல்லாம் வரைகிறவர்களே முடிவு செய்வார்கள் என்பதுதான் அவர்கள் போட்டுக்கொண்ட விதி.

அந்த விதியின் பலனுக்குச் சான்று த்ரோந்தேமின் முதல் பெரிய புத்தகம். லாபினோ என்ற பாத்திரத்தை வைத்து 1992-இல் வந்த அந்தக் கதைக்கு 500 பக்கம். வரையத் தெரியாதவராகத் தொடங்கி, வரைந்து வரைந்தே கற்றுக்கொண்டவர் அவர். முதல் பக்கங்களின் தடுமாற்றமும் கடைசிப் பக்கங்களின் லாவகமும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. எந்த வணிகப் பதிப்பாசிரியரும் முதல் நூறு பக்கத்தைத் தூக்கிப் போட்டிருப்பார். இவர்கள் அதையும் புத்தகத்தின் பகுதியாகவே மதித்தார்கள்.

டேவிட் பி.யின் தன்வரலாறு இன்னும் ஒரு படி மேலே போனது. வலிப்பு நோயில் சிக்கிய அண்ணனின் கதையை, 1996 முதல் 2003 வரை ஆறு பாகங்களாக வரைந்தார். நோய் அங்கே வசனத்தில் மட்டும் இல்லை. வீட்டுக்குள் நுழைந்து எல்லோரையும் சுற்றிக்கொள்ளும் நீண்ட பாம்புடல் மிருகமாக வருகிறது. பெற்றோர் ஒவ்வொரு மாற்று வைத்தியமாகத் தேடி ஓட, கட்டங்களில் கறுப்பு மை கெட்டிப்பட்டுக்கொண்டே போகிறது. இந்தக் கறுப்புதான் அந்தப் புத்தகம். வண்ணம் பூச வேறொருவரிடம் கொடுத்திருந்தால் அது செத்திருக்கும்.

மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபொலிஸ்' 2000-இல் தொடங்கி நான்கு பாகங்களாக இதே பதிப்பகத்திலிருந்து வந்தது. தமிழில் விடியல் பதிப்பகம் 'ஈரான்' என்ற தலைப்பில் கொண்டுவந்ததால் நம்மில் பலர் அதைப் படித்திருக்கிறோம். முதல் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். 1980, முக்காடு போட்ட பத்து வயதுச் சிறுமி. அடுத்த கட்டத்தில் வகுப்புத் தோழிகள் வரிசையாக அமர்ந்த புகைப்படம். கதைசொல்லி இடது ஓரத்தில் இருப்பதால் சட்டகத்துக்கு வெளியே விழுந்துவிடுகிறாள். ஒரே மாதிரி முக்காடுகளுக்கு நடுவே ஒருத்தி காணாமல் போவதை ஒரு கட்டத்தின் விளிம்பே சொல்லிவிடுகிறது. நாவல் அளவில், கறுப்பு வெள்ளையில், அலங்காரமில்லாமல் அச்சிட்டதால்தான் இந்தச் சிக்கனம் கூர்மையாகத் தைக்கிறது. புத்தகத்தின் உருவம் குறித்த இவர்களின் பிடிவாதம் முழுக்க நியாயமானது என்று இந்த இரண்டு நூல்களை வைத்தே நான் சொல்வேன். அட்டையில் பார்கோடு அச்சிட மறுத்து, உரித்தெடுக்கும் ஸ்டிக்கராக ஒட்டியதைக்கூட நான் வறட்டுப் பிடிவாதம் என்று நினைக்கவில்லை. அட்டையும் ஓவியரின் பக்கம்தான்.

எல்லா முயற்சியும் இப்படித் தேறவில்லை. 1999-இல் வந்த 'காமிக்ஸ் 2000' தொகுப்பில் 29 நாடுகளின் 324 ஓவியர்கள், 2000 பக்கம், சொற்களே கிடையாது. மொழி கடந்து படிக்கலாம் என்ற எண்ணம் பெரியது. ஆனால் அவ்வளவு கனமான தொகுப்பில் நல்ல கதைகளும் கூட்டத்தில் கரைந்துபோகின்றன. தேர்வு செய்வதும் பதிப்பாளரின் வேலைதான். தன்வரலாற்றுக் கதைகளிலும் இதே தளர்ச்சி உண்டு. நண்பர்கள் நண்பர்களை வெளியிடும்போது, சொல்ல ஒன்றுமில்லாத நாட்குறிப்பையும் துணிச்சலென்று ஏற்றுக்கொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது.

பெரிய பதிப்பகங்கள் சும்மா இருக்கவில்லை. காஸ்டர்மேன் 2002-இல் 'எக்ரித்யூர்' வரிசையைத் தொடங்கி, நாவல் அளவில் கறுப்பு வெள்ளைப் படக்கதைகளைப் போட்டது. மெனு 2005-இல் 'ப்ளாத்-பாந்த்' என்ற சிறு நூலில் இந்தப் போலிகளைக் கடுமையாகச் சாடினார். 48 பக்கக் கெட்டி அட்டை வண்ண ஆல்பத்துக்கு '48சிசி' என்று பெயர் வைத்தவரும் அவரே. அவருடைய கோபத்தில் பாதி நியாயம். புத்தகக் கடையில் மேசை இடம் அளவோடுதான் இருக்கிறது. ஆபத்தை ஒருவர் ஏற்க, அடைந்த இடத்தை இன்னொருவர் பணபலத்தால் நிரப்புவது அநீதி. மறுபாதியை என்னால் ஏற்க முடியவில்லை. எழுத்துக்கு நிகரான கலையாகப் படக்கதையை மாற்றத்தான் இவர்கள் புறப்பட்டார்கள். அது பிறர் வீட்டிலும் நடக்கும்போது அதைத் திருட்டென்று மட்டும் பார்ப்பது, அந்தக் கலையைச் சொந்தப் பாத்தியதையாக்கிக்கொள்வது.

படைப்பாளியின் பிழைப்பு பற்றி இந்த வாதம் வாய் திறப்பதில்லை. 'ஷென்ஜென்', 'பியோங்யாங்' இரண்டையும் லாசோசியாசியோனில் வெளியிட்ட ஓவியர் கீ டெலீல், பர்மா நூலை 2007-இல் டெல்கூர் என்ற பெரிய பதிப்பகத்துக்குக் கொடுத்தார். அங்கே வந்த அவருடைய ஜெருசலேம் நூல் 2012-இல் அங்குலேம் படக்கதை விழாவின் சிறந்த ஆல்பம் விருதைப் பெற்றது. கோடும் குரலும் மாறவில்லை. பெரிய இடத்துக்குப் போனால் கலை கெட்டுவிடும் என்பதை அவர் ஒருவரே பொய்யாக்கிவிட்டார்.

லாசோசியாசியோனின் உண்மையான முறிவு உள்ளே நடந்தது. 2005-இல் டேவிட் பி.யும் அடுத்த ஆண்டு த்ரோந்தேமும் விலகினார்கள். எழுவரின் சங்கம் மெல்ல மெல்ல மெனு ஒருவரின் பதிப்பகமானது. 'பெர்செபொலிஸ்' விற்ற பணம், 2007-இல் திரைப்படமாகி கான் விழாவில் நடுவர் பரிசு பெற்ற பிறகு இன்னும் கூடி, இந்தக் கோளாறைத் திரைபோட்டு மறைத்தது. அந்த வேகம் அடங்கியதும் ஊழியரைக் குறைக்கும் திட்டம் வந்தது. 2011 ஜனவரியில், அங்குலேம் விழா நடந்துகொண்டிருந்தபோதே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

படைப்பாளியின் உரிமையைக் காப்பாற்றக் கட்டிய அமைப்பில், பார்சல் கட்டுகிறவருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் குரல் வைக்கவில்லை. சங்கச் சட்டப்படி உறுப்பினர் உண்டு, பொதுக்கூட்டம் உண்டு. நடைமுறையில் அவை உறங்கிக் கிடந்தன. பார்கோடு ஸ்டிக்கரை ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டும் வேலையை யாராவது செய்தே ஆக வேண்டும். அவரையும் புத்தகத்தை உருவாக்கியவராக எண்ணியிருந்தால் அந்த வேலைநிறுத்தத்துக்கு அவசியம் வந்திராது. கடைசியில் பொதுக்கூட்டம் கூடியது. விலகிய நிறுவனர்கள் திரும்பினார்கள். அதே ஆண்டு மெனு வெளியேறி, பின்னர் 'லாப்போகலிப்ஸ்' என்ற தனிப் பதிப்பகத்தைத் தொடங்கினார். அவர் போனதில் இழப்பும் இருக்கிறது: வாதத்துக்கு நின்ற ஆள் அவர், பாரிஸில் படக்கதையைப் பற்றி அவ்வளவு காரமாக எழுதத் துணிந்தவர் குறைவு. ஆனால் பதிப்பகம் அவர் இல்லாமலும் நடக்கிறது. பழைய நூல்கள் மறுபதிப்பாகின்றன, புதிய ஓவியர்களும் வருகிறார்கள்.